சூரனுக்கு ஒரு வீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறதென்றால் எல்லாவற்றுக்கும் ஆள் பார்த்துவிட்டுத்தான் போகும். வளவு கூட்ட ஒருவர், தென்னைக்குத் தண்ணீர் விட ஒருவர், சுவாமி அறையில் விளக்கேற்ற ஒருவர். நாய் மட்டும் கடைசிக் கிழமையில்தான் ஞாபகத்துக்கு வரும். "பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாடு வைப்பினம்தானே" என்று சொல்லிவிட்டு வான் ஏறிவிடுவார்கள். அவர்களும் கொஞ்ச நாள் வைப்பார்கள். பிறகு அந்த நாய் பூட்டிய கேற்றடியில் கிடக்கும், பசித்தால் சந்தைப் பக்கம் போகும், கொஞ்சக் காலத்தில் அதற்குக் கட்டாக்காலி என்று பெயர் வந்துவிடும். எங்கள் ஒழுங்கைகளில் திரிகிற நாய்கள் பல ஒரு காலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவைதான். இதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தம்பிக்குக் கனடா விசா வந்தபோது அவனுடைய சூரனுக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று முடிவெடுத்தோம். சூரன் லாப்ரடோரும் ஊர் நாயும் கலந்த கடுவன். கந்தசஷ்டி நேரம் குட்டியாகக் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். வீடு தேடத் தொடங்கியபோது அவனுக்கு ஒரு வயது. இரண்டு பேர் பிடித்தாலும் நிற்காத உடம்பு, ஆளைக் கண்டால் முன்னங்கால் இரண்டையும் நெஞ்சில் வைக்கிற பாசம். நாங்களே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒப்பரேசன் செய்து, அப்போதுதான் ஊன்றுகோலோடு முற்றத்துக்கு வரத் தொடங்கியிருந்தார். சூரனின் ஒரு பாய்ச்சல் போதும், அம்மா திரும்பவும் படுக்கைக்குப் போக. நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவோம். அம்மாவையும் சூரனையும் ஒரே வளவில் பகல் முழுக்கத் தனியே விடுவதற்கு எந்த வழியும் இருக்கவில்லை. அவனை அறையில் பூட்டிவைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பதைப் பலர் வெட்கப்படுகிற காரியமாகப் பார்க்கிறார்கள். அந்த வெட்கத்தால்தான் இரவோடு இரவாகக் கொண்டுபோய் மீன் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிடுகிறார்கள். வைரவருக்கு வடைமாலை சாத்துகிற ஊரில் அவருடைய வாகனத்தை அவர் வாசலிலேயே அநாதையாக விடுகிறோம். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெரு தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கிற நாய்கள் புதிய நாயைத் தங்கள் எல்லைக்குள் விடாது. வாகனத்துக்கு ஒதுங்கவும் அது பழகியிருக்காது. வெளிப்படையாக "எங்களால் வைத்திருக்க முடியவில்லை, நல்ல வீடு வேண்டும்" என்று பத்துப் பேரிடம் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. சொன்னால்தான் வழி பிறக்கும்.

வீடு தேடுவதற்கு முன்பு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். கொடுக்கப்போகிற நாய்க்குச் செலவு எதற்கு என்று சொந்தக்காரர் கேட்டார்கள். கொடுக்கப்போவதால்தான் கட்டாயம் செய்ய வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி, மற்ற நோய்களுக்கான ஊசி, புழுக் குளிசை, உண்ணி மருந்து எல்லாம் முடித்து அட்டையில் திகதி எழுதி வாங்கினோம். விசர்நாய்க்கடிக்கென்று 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் கொண்டுவந்த நாடு இது. அந்த ஊசி இல்லாத நாயை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். அட்டையில்லாமல் யாராவது உங்களுக்கு நாய் தந்தாலும் முதல் வேலையாக ஊசியைப் போடுங்கள். துள்ளுகிற இளம் நாய் விளையாட்டாகப் பிறாண்டினாலும் சரி, கடித்தாலும் சரி, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்கக்கூடாது.

கருத்தடை ஒப்பரேசனையும் அப்போதே செய்வித்தோம். அது செய்தால் நாய் சாதுவாகிவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வைத்தியர் பொறுமையாக விளக்கினார். பெட்டை தேடி மதில் பாய்வதும் கண்ட இடமெல்லாம் சிறுநீர் அடிப்பதும் குறையலாம். துள்ளல் குறையாது, ஏனென்றால் துள்ளல் வயதோடு வருவது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம், பெரிய இன நாய்க்கு இரண்டு வயது வரையும் போகும். ஒப்பரேசன் முடிந்து பத்து நாளாவது பாயவிடாமல் வைத்திருக்கச் சொன்னார். சூரனைப் பாயவிடாமல் வைத்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்பது அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்!

அந்த நாட்களில்தான் அவனை உண்மையாகப் படித்தேன். ஓட விடமுடியாததால் சோற்றைக் கோப்பையில் போடாமல், சிரட்டைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து விறாந்தையில் அங்கங்கே ஒளித்து வைத்தேன். மூக்கை நிலத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினான். கடைசிச் சிரட்டையையும் நக்கி முடித்துவிட்டு அங்கேயே கால் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். மணிக்கணக்காக முற்றத்தில் ஓடினாலும் அடங்காதவன் அரை மணி நேர மோப்பத்தில் அடங்கினான். துடிப்பான நாய் வைத்திருக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. காயம் ஆறியபிறகு விடிய ஐந்தரைக்கே நடக்கக் கூட்டிக்கொண்டு போனோம். நாய் நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விடும். எங்களூர் வெயிலில் பத்து மணிக்குப் பிறகு தார் றோட்டில் நடத்தினால் உள்ளங்கால் பொக்களித்துவிடும். புறங்கையை றோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் சில விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அதன் காலாலும் முடியாது.

காலையில் நடையும் மத்தியானம் மோப்பமும் கிடைத்த நாளில் சூரன் செருப்புத் தொடமாட்டான், குழி தோண்டமாட்டான். இவை கிடைக்காத நாளில் கிணற்றடி வாழையைப் பிடுங்கிவிடுவான். அப்படியானால் அவனுக்குத் தேவை என்ன என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. அவனோடு ஒவ்வொரு நாளும் நேரம் செலவழிக்க ஒரு ஆள் வேண்டும். எவ்வளவு பெரிய வளவு கிடைத்தாலும் அந்த ஆள் இல்லாவிட்டால் பிரயோசனமில்லை.

பிறகு விளம்பரம் எழுதினேன். எழுதியது இதுதான்: "லாப்ரடோர் கலப்பு, கடுவன், ஒரு வயது. ஊசிகள் போட்டாயிற்று, கருத்தடை செய்தாயிற்று. ஆட்களில் மிகுந்த பாசம், கண்டவுடன் பாய்வான். நடக்கக் கஷ்டப்படுகிற முதியவர்களும் தவழ்கிற பிள்ளைகளும் உள்ள வீட்டுக்குச் சரிவராது. கோழியைத் துரத்துவான். நாளுக்கு இரண்டு முறை நடத்தாவிட்டால் வளவைத் தோண்டுவான். 'வா', 'இரு', 'விடு' விளங்கும். ஒருவரையும் கடித்ததில்லை. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டுகிற வீட்டுக்குக் கொடுக்கமாட்டோம்." இதைப் பார்த்த கணவர், இப்படிக் குறையெல்லாம் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். நான் மாற்றவில்லை. குறையை மறைத்துக் கொடுத்த நாய் ஒரு கிழமையில் திரும்பி வரும், அல்லது சொல்லாமலே றோட்டுக்குப் போகும். குறையைப் படித்த பிறகும் தேடி வருகிறவரிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருந்தது. படத்திலும் அப்படித்தான்: முகத்தை மட்டும் அழகாக எடுக்காமல், தம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறதை எடுத்தோம், உயரம் தெரியட்டும் என்று. கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிற ஒரு சிறிய வீடியோவும் போட்டோம்.

முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போட்டவுடன் போன் வரத் தொடங்கியது. முதலில் வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி.

"தங்கச்சி, நாய் கடிக்குமோ?"

"இல்லை அண்ணை, ஒருத்தரையும் கடிச்சதில்லை."

"அப்ப சரிவராது. எங்கட பக்கம் கள்ளர் கூட."

கள்ளர் பயம் பொய்யில்லை. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. ஆனால் கேற்றைத் திறந்துகொண்டு வருகிறவரைக் கட்டிப்பிடிக்கிற நாயிடம் காவலை எதிர்பார்ப்பது வீண். "கட்டி வச்சா மூர்க்கம் வந்திடும்" என்றார் இன்னொருவர். வரும்தான். ஆனால் அது பயத்தால் வருகிறது. தப்பி ஓட இடமில்லை என்று தெரிந்த நாய், கிட்ட வருகிறவர் யாராக இருந்தாலும் பல்லைக் காட்டும். கள்ளனுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை, போனை வைத்துவிட்டார்.

ஒருவர் குட்டி எடுப்பதற்காகக் கேட்டார், நல்ல விலையும் சொன்னார். கருத்தடை செய்ததை அவர் சரியாகப் படிக்கவில்லை. சொன்னவுடன் ஆர்வம் போய்விட்டது. அந்த ஒப்பரேசன் இப்படியும் ஒரு பாதுகாப்பு. நாயைச் சரக்காகப் பார்க்கிறவர்கள் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்கள்.

சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த அழைப்பில் எங்கள் வீட்டில் எல்லோரும் மயங்கிவிட்டார்கள். எட்டுப் பரப்புக் காணி, அதாவது அரை ஏக்கர், சுற்றிவர மதில், மாமரம், தென்னை. இதைவிட என்ன வேண்டும் என்று அம்மாவே கேட்டார். நேரில் போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரர் லண்டனில். காணி பார்க்கிற ஐயா காலையில் வந்து கூட்டுவார், பின்னேரம் வந்து லைற் போடுவார். அந்த இடைவேளையில் அங்கே ஒரு சீவனும் இல்லை. ஐயா நல்ல மனிதர், சாப்பாடு தவறாமல் வைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னேன். ஆள் இல்லாத எட்டுப் பரப்பில் சூரன் முதல் நாள் ஓடுவான். இரண்டாம் நாள் மதிலடியில் தோண்டுவான். மூன்றாம் நாள் கேற்றடியில் படுத்துக்கொண்டு றோட்டில் போகிற எல்லோரையும் பார்த்து அழுவான். நாய் தனக்குத் தானே விளையாட்டுக் காட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். இளம் நாய் ஆளோடுதான் விளையாடும். இந்த ஒரு வீட்டை வேண்டாமென்று சொன்னதற்குத்தான் உறவுக்காரர் என்னோடு அதிகம் கோபித்தார்கள். எல்லாவற்றிலும் சரியான முடிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

புன்னாலைக்கட்டுவனில் ஒரு தோட்டக்காரக் குடும்பம். நாய் என்றால் உயிர், வீட்டில் எந்நேரமும் ஆள். ஆனால் வேலியில்லாத வளவில் கோழிகள் மேய்ந்தன. தோட்டத்துக் கிணற்றுக்குக் கட்டும் இல்லை. இது நாய் கொடுக்கப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய விடயம். கோழியைத் துரத்துகிற வேகத்தில் இளம் நாய் கிணற்றைக் கவனிக்காது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, எலி மருந்து எங்கே வைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அங்கே இன்னொரு விடயமும் பேசினோம். வலிகாமத்தில் வெங்காயம் இல்லாத குசினி இல்லை. வெங்காயம் போட்ட கறிச்சோறு நாய்க்கு நஞ்சு, சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கெடுதல்தான். "இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே பிள்ளை" என்று அந்த அம்மா கவலைப்பட்டார். கோழி காரணமாக அவர்களே யோசித்து, பாவம் இரண்டு பக்கமும் என்று வேண்டாமென்றார்கள். அப்படி யோசித்துச் சொல்கிறவர்கள்தான் நல்ல வளர்ப்பாளர்கள். அவர்களுடைய இலக்கத்தை நான் அழிக்கவில்லை.

கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. தம்பியின் பயணமும் நெருங்கியது. "இயக்கச்சியில சிவபூமி அறக்கட்டளைக்காரர் நாய்களுக்கெண்டு சரணாலயம் வச்சிருக்கினம், அங்க விடலாம்தானே" என்று பலர் சொன்னார்கள். ஆதரவே இல்லாமல் றோட்டில் கிடக்கிறவைக்கு அப்படி ஒரு இடம் இருப்பது பெரிய புண்ணியம். ஆனால் தேடுவதற்கு ஆளும் நேரமும் உள்ள ஒரு வீட்டு நாயைக் கொண்டுபோய் அந்த இடத்தை நிரப்பினால், உண்மையாகவே போக்கிடம் இல்லாத ஒன்றுக்கு அது இல்லாமல் போகும். எங்களுக்கு அது கடைசி வழியாகக்கூட வரக்கூடாது என்று நினைத்தேன்.

வழி திறந்தது மிருக வைத்தியரின் மருந்தறையில். உண்ணி மருந்து வாங்கப் போனபோது அங்கே வேலை செய்கிற இளைஞரிடம் விளம்பரத்தைக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டு, "கோப்பாயில ஒரு ஐயா இருக்கிறார், தபால்காரரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவற்ற நாய் பதின்மூண்டு வயசில போன வருசம் செத்தது. அவரைக் கேட்டுப் பாருங்கோ, நான் முதல்ல கதைக்கிறன்" என்றார். இதைவிட நல்ல யோசனையை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாயை அதன் முதுமை வரை ஊசி தவறாமல் கொண்டுவந்து காட்டியவர் யார், இப்போது யாருடைய வீட்டில் நாய் இல்லை என்பதெல்லாம் வைத்தியரின் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆயிரம் பேர் பார்க்கிற பதிவைவிட அவர்களுடைய ஒரு சொல் பெறுமதி. ஆனால் இறந்த துக்கம் ஆறாதவரிடம் அவசரப்படுத்திக் கேட்கக்கூடாது. அந்த இளைஞர் முதலில் தான் பேசிப் பார்க்கிறேன் என்றது அதனால்தான்.

ஐயா மகளோடு வந்தார். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். இருவரும் சூரனைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. ஐயா பக்கவாட்டாகத் திரும்பி நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். சூரன் பாய்ந்தான், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பவும் பாய்ந்தான், திரும்பவும் அப்படியே. நாலு காலும் நிலத்தில் பட்ட அந்த நொடியில் கையை இறக்கி ஒரு பிஸ்கட் துண்டு கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சூரன் அவர் முன்னால் குந்தி இருந்தான். நாங்கள் இத்தனை நாளாக "டேய், இறங்கு" என்று சத்தம் போட்டும் நடக்காத காரியம். பாய்கிற நாயைத் தள்ளுவதும் திட்டுவதும் அதற்கு விளையாட்டாகத்தான் படும் என்று அன்றைக்கு நேரில் கண்டேன்.

பிறகு நாங்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். இரண்டே இரண்டு பரப்பு, எங்கள் வளவைவிடப் பெரிதில்லை. தகர வேலியின் அடியில் கல் அடுக்கியிருந்தது, பழைய நாய் தோண்டிய காலத்தில் செய்தது. கிணற்றுக்குக் கட்டு இருந்தது. நான் கேட்கப் போன கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டு போனார். இரவில் விறாந்தையில் படுக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தங்கைச்சியார் வந்து நிற்பார், அவருக்கும் நாய் பழக்கம். மகளுக்கு வேலை கிடைத்துக் கொழும்பு போனாலும் தான் எங்கும் போகப்போவதில்லை. காலையில் வயல் வெளிப் பக்கமாக ஒரு நடை, பின்னேரம் ஒன்று. நாய் இல்லாத இந்த ஒரு வருடமும் தனியே நடந்ததாகச் சொன்னார். நான் கேட்காமல் விடக்கூடாது என்று வைத்திருந்த ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: அண்மையில் அந்த வளவில் குட்டி ஏதாவது இரத்தமாகக் கழிந்து இறந்ததா? அந்த நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். ஊசி போடாத குட்டியைக் கொண்டுபோய் விட்டால் தப்புவது கஷ்டம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அவருடைய வயதை நினைத்துத்தான் எனக்குத் தயக்கம். கயிற்றை இழுத்தால் விழுந்துவிடுவாரோ என்று கேட்டேன், கோபிக்காமல் பதில் சொன்னார். கயிறு இறுகினால் நான் நின்றுவிடுவேன், தளர்ந்தால்தான் நடப்பேன், முதல் மாதம் மகளும் கூட வருவா என்றார். தபால் பையோடு ஆயுள் முழுக்கச் சைக்கிள் மிதித்த மனிதர், எத்தனை வீட்டு நாய்களைச் சமாளித்திருப்பார். சரி என்று சொல்லிவிட்டேன்.

உடனே கொடுக்கவில்லை. தீபாவளிக்குச் சில நாட்கள்தான் இருந்தன. புது இடத்தில் வெடிச் சத்தம் கேட்ட நாய் கண் மண் தெரியாமல் ஓடும். எங்கே ஓடுவது என்றும் அதற்குத் தெரியாது. வெடி முடியும்வரை எங்களோடு வைத்திருந்தோம், அந்த இரவு யன்னலைச் சாத்தி மின்விசிறியைச் சத்தமாகப் போட்டு நான் பக்கத்தில் இருந்தேன். நாய் கைமாற்றுகிறவர்கள் நாள் பார்க்கும்போது வெடி கொளுத்துகிற நாட்களையும், ஊர்க் கோயில் திருவிழாவையும், கல்யாணம் சாமத்திய வீடு இருக்கிற கிழமையையும் தவிர்த்துவிடுங்கள்.

கொண்டுபோன அன்று காலையில் நீண்ட நடை, மிகக் குறைந்த சாப்பாடு, பிறகு ஓட்டோ. அவன் படுக்கிற பழைய சாரத்தைக் கழுவாமல் கொடுத்தோம், எங்கள் வாடை அதில் இருக்கட்டும் என்று. ஒரு கிழமைக்குப் போதுமான அதே சாப்பாட்டையும் கொடுத்தோம். ஒரேயடியாக மாற்றினால் வயிறு குழம்பிவிடும். ஊசி அட்டை, அவனுக்கு விளங்கும் சொற்கள், பயப்படுகிற பொருட்கள், புழுக் குளிசை கடைசியாகக் கொடுத்த திகதி எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். இன்னொரு தாளில் ஒரு உடன்பாடு: எந்தக் காரணத்தால் வைத்திருக்க முடியாமல் போனாலும் வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும், நாங்கள் வந்து எடுப்போம். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். இது வழக்குப் போடுவதற்கு எழுதியதல்ல. திருப்பித் தர வெட்கப்பட்டு ஒருவர் மறைவாக ஏதும் செய்யாமல் இருப்பதற்கு அந்தத் தாள் உதவும்.

நாங்கள் இருக்கிற கொக்குவிலுக்கும் கோப்பாய்க்கும் தூரம் அதிகமில்லை. மனம் வைத்தால் ஒரு இரவில் நடந்து வந்துவிடுவான். அதனால் கழுத்துப் பட்டியில் இரண்டு வீட்டுத் தொலைபேசி இலக்கமும் எழுதி, வேலிக்குள் இருந்தாலும் முதல் கிழமைகளில் கயிற்றோடுதான் வெளியே விடச் சொன்னேன். நாய் வளர்க்கிறவர்கள் மத்தியில் மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று ஒரு கணக்கு உண்டு: மூன்று நாள் மிரட்சி, மூன்று கிழமையில் வீட்டின் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் அது தன் வீடென்று இருக்கும். எல்லா நாய்க்கும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் முதல் கிழமையிலேயே "சரிவரவில்லை" என்று முடிவெடுக்கிறவர்களுக்கு நல்ல மருந்து. சூரன் முதல் நாள் சாப்பிடவில்லை. இரவில் முனகினான். மகள் விறாந்தையில் பாய் போட்டுப் பக்கத்தில் படுத்தாவாம்.

ஐயா எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: ஒரு மாதத்துக்கு வரவேண்டாம். எனக்கு வலித்தது, ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய ஆள் வந்து வந்து போனால் ஒவ்வொரு முறையும் அது புதிதாகப் பிரியும். தம்பி கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் அவனைக் கூப்பிட ஆசைப்பட்டான். குரல் கேட்டால் ஆளைத் தேடுவான் என்பதால் அதையும் தள்ளிப்போட்டோம். பதிலுக்கு மகள் சின்னச் சின்ன வீடியோக்கள் அனுப்பினா: சிரட்டை தேடுவது, மழை வெள்ளத்தில் குதிப்பது, ஐயாவின் ஒரு செருப்பு போன கதை. ஒரு மாதம் கழித்து நான் போனபோது சூரன் ஓடி வந்து பாய்ந்தான், முகர்ந்தான், எல்லாம் செய்தான். பிறகு ஐயா சைக்கிளைத் தொட்டவுடன் என்னை விட்டுவிட்டு அவரிடம் போய்விட்டான். வீட்டுக்கு வந்து தம்பிக்குச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நல்லா இருக்கிறான்" என்றான்.

விளம்பரத்துக்கு அழைத்தவர்களில் காவலுக்கு நாய் கேட்ட ஒரு வயோதிபத் தம்பதியும் இருந்தார்கள். கட்டிவைக்க மாட்டோம், சத்தம் போட்டால் போதும் என்று சொன்னவர்கள். அவர்களை நான் மறக்கவில்லை. எங்கள் அயலில் ஒரு குடும்பம் பிரான்ஸ் போக ஆயத்தமானபோது அவர்களுடைய ஐந்து வயதுப் பெட்டை நாயைப் பற்றி இரு வீட்டாருக்கும் சொன்னேன். அது பாயாது, இழுக்காது, கேற்றடியில் ஆள் வந்தால் மட்டும் குரைக்கும். பிள்ளைகளின் சத்தம் இல்லாத வீடுதான் அதற்கு நிம்மதி. ஊசி போட்டு, அட்டை எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். புன்னாலைக்கட்டுவன் அம்மாவின் இலக்கமும் என்னிடம் இன்னும் இருக்கிறது. கோழிக்கு இப்போது கூடு அடித்துவிட்டார்களாம், கிணற்றுக்கும் கட்டு கட்டுகிறார்களாம். கோழியோடு பழகிய ஒரு நாய் எங்கேயாவது வீடு தேடினால் நான் முதலில் அழைக்கப்போவது அவர்களைத்தான்.